டி.என்.ஏ.வின் சிறுபள்ளத்தில் மருந்து ஒட்டுகிறதா? ஹோக்ஸ்ட் 33258-ஐ வைத்து அளந்து பழக ஒரு வழிகாட்டி

புதிதாக ஒரு சேர்மத்தைத் தயாரித்ததும், அது டி.என்.ஏ.வோடு பிணைகிறதா என்று பார்க்கும் ஆசை எல்லா ஆய்வகங்களிலும் உண்டு. பிணைகிறது என்று காட்டுவது எளிது. நேர்மின்சுமையும் தட்டையான வளையமும் உள்ள எந்த மூலக்கூறும் டி.என்.ஏ.வில் எப்படியாவது ஒட்டிக்கொள்ளும். எங்கே ஒட்டுகிறது, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் ஆய்வுகள் சறுக்குகின்றன. சொந்தச் சேர்மத்தை எடுப்பதற்கு முன், விடை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒன்றை அளந்து பழகுவது நல்லது. அதற்கு ஹோக்ஸ்ட் 33258 என்ற சாயம் சரியான பயிற்சிப் பொருள்: எளிதில் கிடைக்கும், சிறுபள்ளத்தில் அமர்ந்ததும் பளிச்சென ஒளிரும், படிக அமைப்பும் வெப்ப இயக்கவியல் எண்களும் பல குழுக்களால் அளக்கப்பட்டவை.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பி-வகை (வழக்கமான வடிவ) டி.என்.ஏ.வின் சுருளில் இரண்டு பள்ளங்கள் உண்டு. பெரும்பள்ளம் ஏறக்குறைய 11 முதல் 12 ஆங்ஸ்ட்ராம் அகலம். புரதங்கள் பெரும்பாலும் அங்கேதான் வரிசையைப் படிக்கின்றன. சிறுபள்ளத்தின் சராசரி அகலம் 6 ஆங்ஸ்ட்ராம் அளவு. அடினின்-தைமின் இணைகள் தொடர்ந்து வரும் இடத்தில், குறிப்பாக ஏ-ஏ-டி-டி என்ற வரிசையில், அது 3 முதல் 4 ஆங்ஸ்ட்ராமாகக் குறுகிவிடும். ஓர் அரோமாட்டிக் வளையத்தின் தடிமன் சுமார் 3.4 ஆங்ஸ்ட்ராம். வளையம் பக்கவாட்டில் நுழைந்தால் இரண்டு சுவர்களையும் தொட்டபடி நிற்கும். சிறுபள்ள மருந்துகளின் இறுக்கத்துக்கு அடிப்படை இந்தப் பொருத்தம்தான்.

பள்ளத்தின் தரையில் அடினினின் மூன்றாம் எண் நைட்ரஜனும் தைமினின் இரண்டாம் எண் ஆக்ஸிஜனும் இருக்கின்றன. இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்பவை. மருந்தில் உள்ள அமைடு அல்லது இமிடசோல் வளையத்தின் நைட்ரஜன்-ஹைட்ரஜன் தொகுதி அவற்றை நோக்கித் திரும்பி நிற்கும். குவானினில் நிலைமை வேறு. அதன் இரண்டாம் எண் கார்பனில் உள்ள அமினோ தொகுதி பள்ளத்துக்குள் துருத்திக்கொண்டு வருவதால் மருந்து அடி வரை இறங்க முடியாது. ஏ-டி பகுதியின் பள்ளத்தில் எதிர்மின் அழுத்தமும் அதிகம். அதனால் நேர்மின்சுமை கொண்ட மூலக்கூறு அங்கே இழுக்கப்படும்.

இவற்றோடு வடிவமும் சேர வேண்டும். நெட்ராப்சின், டிஸ்டமைசின், டாபி, ஹோக்ஸ்ட், பெரெனில், பெண்டமிடின் எல்லாமே பிறை போல வளைந்தவை, அல்லது வளையக்கூடியவை. அந்த வளைவு டி.என்.ஏ. சுருளின் வளைவோடு ஒத்துப்போகிறது. இந்தக் குடும்பத்தில் பல ஒட்டுண்ணி நோய்களுக்கான தேடலில் பிறந்தவை. டாபி 1971-இல் ஓட்டோ டான் ஆய்வகத்தில் டிரிப்பனோசோமா நோய்க்கு மருந்து தேடும்போது உருவானது. இன்று செல்லின் உட்கருவை நீலமாகக் காட்டும் சாயமாகவே பலருக்கும் அது தெரியும். பெரெனில் என்கிற டிமினாசீன் அசெட்டுரேட், நம் ஊர் கால்நடை மருத்துவர்கள் சர்ரா நோய்க்கும் பபேசியா காய்ச்சலுக்கும் போடும் ஊசி மருந்து.

படத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். புரதத் தரவு வங்கியில் 1பிஎன்ஏ என்பது டிக்கர்சன் குழு 1981-இல் வெளியிட்ட 12 இணை டி.என்.ஏ.; அதன் நடுவில் ஏ-ஏ-டி-டி உண்டு. 6பிஎன்ஏ என்பதில் அதே வரிசையுள்ள டி.என்.ஏ.வில் நெட்ராப்சின் அமர்ந்திருக்கிறது, 1டி30-இல் டாபி. முதலாவதில் பள்ளத்தின் அடியில் நீர் மூலக்கூறுகள் முதுகெலும்பு போல வரிசையாக நிற்பதையும், இரண்டாவதில் அவற்றின் இடத்தை மருந்து பிடித்திருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியேறும் இந்த நீர்தான் பின்னால் வரும் வெப்ப எண்களுக்குப் பாதி விளக்கம்.

தேவையான பொருட்கள்

டி.என்.ஏ.வுக்குக் கன்றின் தைமஸ் டி.என்.ஏ.வை வாங்காதீர்கள். மலிவுதான், ஆனால் அதில் எல்லா வரிசைகளும் கலந்திருக்கும். ஏ-ஏ-டி-டி, டி-டி-ஏ-ஏ, ஜி-சி (குவானின்-சைட்டோசின்) எல்லாவற்றின் சராசரிதான் கைக்கு வரும். அதற்குப் பதில் ஒரே இழையாலான கொண்டை ஊசி வடிவ டி.என்.ஏ.வைச் செயற்கையாகத் தயாரித்துத் தரச் சொல்லுங்கள்:

சிஜிஏஏடிடிசிஜி – டிசிடிசி – சிஜிஏஏடிடிசிஜி

நடுவில் உள்ள நான்கும் வளைவு. இரு புறமும் உள்ள எட்டும் தண்டு. ஓர் இழைக்கு ஒரே ஒரு ஏ-ஏ-டி-டி இடம். ஹெச்.பி.எல்.சி. மூலம் தூய்மைப்படுத்தியதைக் கேட்டு வாங்குங்கள்.

பன்னிரண்டு இணை டி.என்.ஏ.வை அப்படியே ஏன் எடுக்கக் கூடாது? படிகத்துக்குப் பயன்படும் செறிவில் அது இரட்டை இழையாக நிலைத்திருக்கும். ஒளிர்வு அளவீட்டுக்கு நாம் நானோமோலார் செறிவுக்கு இறங்க வேண்டும். அங்கே இரு இழைகளும் ஒன்றையொன்று தேடிக் கண்டுபிடிப்பது கடினம். பிரிந்துவிடும், அல்லது தனி இழையே மடிந்துகொள்ளும். ஒரே இழையில் இரு கைகளும் இருக்கும் கொண்டை ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒப்பீட்டுக்கு இன்னும் மூன்று இழைகள் வேண்டும். தண்டில் ஏஏடிடி இருக்கும் இடத்தில் ஏடிஏடி உள்ளது ஒன்று, டிடிஏஏ உள்ளது ஒன்று, ஏ-டி இணையே இல்லாத சிஜிஜிசிஜிசிசிஜி தண்டு கொண்டது ஒன்று.

பஃபர்: 10 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட், 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., பிஎச் 7.0. பழைய கட்டுரைகள் பலவற்றில் கக்கோடிலேட் பஃபர் இருக்கும். அதில் ஆர்செனிக் உண்டு. கட்டாயம் இல்லாவிட்டால் வேண்டாம். டிரிஸ் பஃபர் ஒளிர்வு அளவீட்டுக்குப் பரவாயில்லை, உருகுநிலை (டி.என்.ஏ. இழை பிரிந்து விரியும் வெப்பநிலை) அளவீட்டுக்கு ஆகாது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் பிஎச் சுமார் 0.028 குறையும். 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் 1.8 அலகு இறங்கிவிடும்.

கரைசல்களைத் தயாரித்தல்

ஹோக்ஸ்ட் 33258 வழக்கமாக டிரைஹைட்ரோகுளோரைடு பென்டாஹைட்ரேட் உப்பாக வரும். மூலக்கூறு எடை 623.96. டப்பாவின் மேலுள்ள எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீரேற்றம் மாறினால் எண்ணும் மாறும். 6.24 மில்லிகிராமை 10 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் 1 மில்லிமோலார். கரைப்பது நீரில்தான் இருக்க வேண்டும். பாஸ்பேட் பஃபரில் நேரடியாக இந்தச் செறிவில் கரைத்தால் வீழ்படிவாகிவிடும். சில சமயம் கண்ணுக்கே தெரியாத அளவில். பிறகு எடுக்கும் ஒவ்வொரு துளியிலும் செறிவு வேறாக இருக்கும்.

தராசை நம்பி நிற்காமல் உட்கவர்வை அளந்து உறுதிசெய்யுங்கள். 10 மைக்ரோலிட்டரை 990 மைக்ரோலிட்டர் நீரில் விட்டு, 338 நானோமீட்டரில் பாருங்கள். மோலார் உட்கவர்வுக் கெழு 42,000. எனவே 1 சென்டிமீட்டர் குவெட்டில் (அளவுக்கலத்தில்) 0.42 வர வேண்டும். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். கையுறை அவசியம், டி.என்.ஏ.வில் ஒட்டும் எந்தப் பொருளையும் மரபணு மாற்றத்தைத் தூண்டக்கூடியதாகவே கருத வேண்டும்.

கொண்டை ஊசி டி.என்.ஏ.வுக்கு, அருகருகே உள்ள காரங்களின் (ஏ, டி, ஜி, சி) தாக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 260 நானோமீட்டரில் கெழு சுமார் 1,86,000 வருகிறது. இது விரிந்த இழைக்கான எண். ஆகவே 85–90 டிகிரிக்குச் சூடாக்கி உட்கவர்வை எடுத்துச் செறிவைக் கணக்கிடுங்கள். மடிந்த நிலையில் அறை வெப்பத்தில் அளந்து இதே எண்ணால் வகுத்தால் செறிவு குறைவாகக் காட்டும், ஏனென்றால் அடுக்கப்பட்ட காரங்கள் குறைவாகத்தான் உட்கவரும்.

பிறகு 95 டிகிரியில் 5 நிமிடம் வைத்து, நேராகப் பனிக்கட்டியில் இறக்குங்கள். இரட்டை இழைகளுக்குப் பழகிய கைகள் இங்கே மெதுவாகக் குளிர வைக்கும், அதுதான் தவறு. இந்த இழையின் ஒவ்வொரு கையும் தன்னோடு தானே இணையக்கூடியது. மெதுவாகக் குளிர்ந்தால் இரண்டு இழைகள் சேர்ந்து நீண்ட இரட்டையாகும், அதிலும் செறிவு கூடினால் நிச்சயம். 1 மைக்ரோமோலாரிலும் 20 மைக்ரோமோலாரிலும் உருகுநிலையை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் கொண்டை ஊசிதான். செறிவோடு உருகுநிலை ஏறினால் இரட்டை கலந்திருக்கிறது.

முதல் தரம்பார்த்தல் (சிறிது சிறிதாகச் சேர்த்து அளத்தல்): எத்தனைக்கு எத்தனை?

2 மில்லிலிட்டர் பஃபரில் ஹோக்ஸ்ட் 1 மைக்ரோமோலார். தூண்டும் ஒளி 355 நானோமீட்டர், உமிழ்வை 400 முதல் 600 வரை எடுங்கள். உச்சம் 460-ஐ ஒட்டி வரும். தனிச் சாயம் மங்கலாகத்தான் ஒளிரும். நீரில் அது முறுக்கி அசைந்து ஆற்றலை இழந்துவிடுகிறது. பள்ளத்தில் இறுகி உட்கார்ந்ததும் அசைவு நின்று ஒளிர்வு பல மடங்கு ஏறும்.

404 நானோமீட்டர் அருகே ஒரு சிறு முகடு தெரிந்தால் அது சாயமல்ல, நீரின் ராமன் சிதறல். வெறும் பஃபரையும் ஒருமுறை ஓட்டிக் கழித்துவிட்டால் குழப்பம் தீரும்.

50 மைக்ரோமோலார் டி.என்.ஏ. கரைசலை 4 மைக்ரோலிட்டர் வீதம் சேருங்கள். ஒவ்வொரு முறையும் 0.1 மைக்ரோமோலார் கூடும். 2 மைக்ரோமோலார் வரை போனாலும் சேர்ந்த பருமன் 80 மைக்ரோலிட்டர்தான், 4 விழுக்காடு. அதையும் திருத்திவிடுங்கள். வரைபடத்தில் ஒளிர்வு நேர்கோட்டில் ஏறி 1:1 இடத்தில் சட்டென மட்டமாக வேண்டும்.

முறிவு 0.8-இல் வந்தால் டி.என்.ஏ. செறிவைக் குறைத்துக் கணக்கிட்டிருப்பீர்கள், அல்லது சாயத்தில் ஒரு பகுதி பழுதாகியிருக்கும். 1.2-க்கு மேல் போனால் டி.என்.ஏ.வில் அரைகுறை இழைகள் இருக்கின்றன. முதல் சில புள்ளிகள் கோட்டுக்குக் கீழே தொங்கினால், சாயம் அளவுக்கு மிஞ்சி இருக்கும் அந்தக் கட்டத்தில் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக டி.என்.ஏ.வின் வெளிப்புறப் பாஸ்பேட்டில் ஒட்டுகின்றன என்று பொருள். உப்பைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகும். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவாதீர்கள். செறிவு தவறென்றால் பின்னால் வரும் எல்லாமே தவறு.

இரண்டாம் தரம்பார்த்தல்: எவ்வளவு இறுக்கம்?

மேலே கிடைத்த வளைவிலிருந்தே பிரிகை மாறிலியை (இறுக்கத்தின் அளவு; சிறியதாக இருந்தால் இறுக்கம் அதிகம்) கணக்கிட்டுவிடலாமே என்று தோன்றும். அது முடியாது. ஏன் என்று பாருங்கள். மொத்த டி.என்.ஏ.வை ட என்றும், மொத்த மருந்தை ம என்றும், பிரிகை மாறிலியை க என்றும் வைத்துக்கொள்வோம். கூ = ட + ம + க. அப்போது,

பிணைந்த மருந்தின் பின்னம் = [கூ − √(கூ² − 4 × ட × ம)] ÷ (2 × ம)

ட, ம இரண்டும் 1000 நானோமோலாராக இருக்கட்டும். க = 3 நானோமோலார் என்றால் பிணைந்தது 95 விழுக்காடு. க = 0.3 என்றால் 98 விழுக்காடு. இறுக்கம் பத்து மடங்கு மாறியும் அளவீட்டில் 3 விழுக்காடுதான் வித்தியாசம். பிப்பெட்டின் பிழையே அதை விழுங்கிவிடும். இதே நிலையில் மென்பொருள் ஓர் எண்ணைக் கொடுக்கும், பிழை வரம்பும் அழகாகப் போடும். நம்பக் கூடாது. சாயத்தின் செறிவு பிரிகை மாறிலிக்கு அருகில் இருக்க வேண்டும். பத்து மடங்குக்கு மேல் போனால் நீங்கள் அளப்பது எண்ணிக்கையைத்தான், இறுக்கத்தை அல்ல.

ஏ-ஏ-டி-டி உள்ள டி.என்.ஏ.வில் ஹோக்ஸ்டின் பிரிகை மாறிலி சில நானோமோலார். ஆகவே சாயத்தை 5 நானோமோலாரில் வையுங்கள். 2 மில்லிலிட்டர் குவெட்டில் 2 மைக்ரோமோலார் டி.என்.ஏ.வை 1 மைக்ரோலிட்டர் விட்டால் 1 நானோமோலார். 1, 2, 4, 8, 16 என்று ஏறுங்கள். அதற்கு மேல் 20 மைக்ரோமோலார் கரைசலுக்கு மாறி 130 நானோமோலாரை ஒட்டி நிறுத்தலாம். ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு 3 முதல் 5 நிமிடம் காத்திருங்கள். காத்திருக்கும்போது ஒளி மறைப்பான் மூடியிருக்கட்டும், இல்லையேல் சாயம் வெளுத்து, வளைவு இறுதியில் கீழே வளையும். அதைப் பார்த்து 'இரண்டாம் பிணைப்பு இடம்' என்று எழுதியவர்கள் உண்டு.

சரிபார்ப்புக்கு ஓர் எண்: க = 3, சாயம் 5, டி.என்.ஏ. 8 நானோமோலார் என்றால் பின்னம் 0.62 வரும். எளிய அதிபரவளையச் சூத்திரத்தில் போட்டால், தனித்திருக்கும் டி.என்.ஏ.வும் மொத்த டி.என்.ஏ.வும் ஒன்றென்று கொள்வதால், 0.73 வரும். எனவே மேலே உள்ள இருபடிச் சூத்திரத்தையே பொருத்துங்கள். ஸ்காட்சார்டு வரைபடம் பழைய நூல்களில் இருக்கிறதே என்று அதைப் போட வேண்டாம். பிழையை இரு அச்சிலும் பரப்பிவிடும்.

இந்தச் செறிவில் பெரிய எதிரி குவெட்டின் சுவர். நேர்மின்சுமையுள்ள சாயம் கண்ணாடியிலும் குவார்ட்ஸிலும் ஒட்டிக்கொள்ளும். 5 நானோமோலார் என்று நினைத்தது 3 ஆகிவிடும். சோதிப்பது சுலபம். ஒரு குவெட்டில் 5 நானோமோலார் சாயத்தோடு உடனே 200 நானோமோலார் டி.என்.ஏ.வைச் சேர்த்து ஒளிர்வைக் குறியுங்கள். இன்னொன்றில் சாயத்தை 30 நிமிடம் தனியே விட்டுப் பிறகு அதே டி.என்.ஏ.வைச் சேருங்கள். இரண்டாவது குறைவாக இருந்தால் சுவர் எடுத்துக்கொண்டது. அக்ரிலிக் குவெட், பாலிபுரொப்பிலீன் குழாய், பஃபரில் 0.005 விழுக்காடு ட்வீன் 20 ஆகியவை உதவும். ஓர் ஆய்வு முடிந்ததும் அதே குவெட்டை நீரால் மட்டும் அலசி அடுத்ததற்கு எடுக்காதீர்கள். எத்தனால், பிறகு நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு நீர் என்று கழுவுங்கள். அக்ரிலிக் குவெட்டுக்கு இது ஆகாது, அதைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

வரிசைக்கு வரிசை ஒப்பிடுதல்

இப்போது மற்ற மூன்று இழைகளையும் அதே முறையில் அளந்து பாருங்கள். ஏ-ஏ-டி-டிதான் முதலிடம். ஏ-டி-ஏ-டி அதற்குக் கீழே, டி-டி-ஏ-ஏ இன்னும் கீழே. முதலுக்கும் கடைசிக்கும் நூறு மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கும். மூன்றிலும் அந்த நான்குமே ஏ-டி இணைகள்தான், ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் அணுக்களும் அதே அணுக்கள்தான். வேறுபடுவது பள்ளத்தின் வடிவம். டி-யிலிருந்து ஏ-வுக்குப் போகும் படியில் பள்ளம் அகலும். ஏ-விலிருந்து டி-க்குப் போகும் படியில் குறுகியே இருக்கும். 'ஏ-டி நிறைந்த டி.என்.ஏ.வில் பிணைகிறது' என்று பொதுவாக எழுதுவது ஏன் போதாது என்பது இந்த ஒரே சோதனையில் புரிந்துவிடும். டி-டி-ஏ-ஏ-வுக்கு டி.என்.ஏ. செறிவை மைக்ரோமோலார் வரை ஏற்ற வேண்டியிருக்கும்.

ஜி-சி தண்டில் ஒளிர்வு ஏறாவிட்டால் பிணையவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். பிணைந்தும் ஒளிராமல் இருக்கலாம். குவானினின் அமினோ தொகுதிதான் தடை என்று காட்ட விரும்பினால் குவானினுக்குப் பதில் இனோசின் உள்ள இழையைப் போடுங்கள். இனோசினில் அந்த அமினோ தொகுதி மட்டும் இல்லை, மற்றபடி சைட்டோசினோடு அது இணையும். நெட்ராப்சின் வகை மருந்துகள் இனோசின்-சைட்டோசின் டி.என்.ஏ.வில் நன்றாகவே பிணைகின்றன. சிறுபள்ளத்துக்கு இதைவிடச் சுத்தமான சான்று குறைவு.

பள்ளமா, இடைச்செருகலா?

சொந்தச் சேர்மம் என்று வரும்போது இதுதான் சிக்கலான கட்டம். எத்திடியம் போன்ற சாயங்கள் காரங்களுக்கு நடுவே செருகிக்கொள்பவை. சேர்மத்தைச் சேர்த்ததும் எத்திடியத்தின் ஒளிர்வு குறைந்தால் 'நம் சேர்மமும் செருகிக்கொள்கிறது' என்று எழுதிவிடுகிறார்கள். சிறுபள்ளத்தில் அமரும் நெட்ராப்சினும் எத்திடியத்தை வெளியேற்றும். டி.என்.ஏ.வின் வடிவம் மாறினாலே எத்திடியம் வெளியேறும். சேர்மம் அந்த அலைநீளத்தில் ஒளியை உட்கவர்ந்தாலும் ஒளிர்வு குறைந்தது போலத் தெரியும். ஆகவே எத்திடியம் சோதனை பிணைப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லும், இடத்தைச் சொல்லாது.

இடத்தைச் சொல்பவற்றில் நம்பகமானது பாகுநிலை. செருகும் மூலக்கூறு காரங்களை விலக்கி டி.என்.ஏ.வை நீளமாக்கும், கரைசலின் பாகுநிலை ஏறும். பள்ளத்தில் அமர்வது நீளத்தைப் பெரிதாக மாற்றாது, கோடு கிட்டத்தட்ட மட்டமாக இருக்கும். இதற்குக் குட்டையான கொண்டை ஊசி பயன்படாது. இங்கேதான் கன்றின் தைமஸ் டி.என்.ஏ. வேண்டும், அதையும் மீயொலியால் சில நூறு இணைகள் நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். செறிவு கணக்கிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 6,600 என்ற கெழு ஒரு நியூக்ளியோடைடுக்கு உரியது, ஓர் இணைக்கு 13,200. இதைக் குழப்பிக்கொண்டால் முடிவு இரண்டு மடங்கு தவறும். வெளியான அட்டவணைகளை ஒப்பிடும்போதும் எந்த அலகு என்று தேடிப் பார்த்துவிடுங்கள். எத்திடியத்தையும் ஹோக்ஸ்டையும் அதே நாளில் அருகருகே ஓட்டுங்கள். மேல்கோடு, கீழ்கோடு இரண்டும் இருந்தால்தான் நடுவில் வரும் உங்கள் கோட்டுக்கு அர்த்தம்.

அடுத்தது சி.டி. அளவீடு, அதாவது இடச்சுழி ஒளியும் வலச்சுழி ஒளியும் உட்கவரப்படுவதில் உள்ள வேறுபாட்டை அளப்பது. ஹோக்ஸ்டுக்குத் தனியே இடக்கை வலக்கை வேறுபாடு இல்லை; தனிச் சாயம் சி.டி.யில் எதையும் காட்டாது. சிறுபள்ளத்தில் அமர்ந்ததும் அதன் சொந்த உட்கவர்வுப் பகுதியில், 350–360 நானோமீட்டரை ஒட்டி, வலுவான நேர்க்குறி முகடு எழும். செருகும் சாயங்களில் இது மெலிதாக, பெரும்பாலும் எதிர்க்குறியாக வரும். டி.என்.ஏ. 5 மைக்ரோமோலார், மருந்தை 0.5, 1, 1.5, 2 என்ற விகிதங்களில் சேர்த்து 220 முதல் 450 வரை எடுங்கள். 1:1-இல் நின்றுவிட்டால் தனி மூலக்கூறு. டிஸ்டமைசினில் 2:1 வரை ஏறுவதைக் காணலாம்: 1989-இல் பெல்டனும் வெம்மரும் காந்த ஒத்ததிர்வு மூலம் காட்டியபடி, ஏஏஏடிடி போன்ற இடத்தில் இரண்டு டிஸ்டமைசின் எதிரெதிராகப் பக்கத்தில் பக்கமாக ஒரே பள்ளத்தில் அமரும். அங்கிருந்துதான் பீட்டர் டெர்வனின் பாலிஅமைடுகள் வளர்ந்தன. ஒரு பக்கம் இமிடசோலும் மறுபக்கம் பிரோலும் எதிரெதிரே வந்தால் குவானின்-சைட்டோசின் இணையையே அடையாளம் காணலாம்.

மூன்றாவது உருகுநிலை. 3 மைக்ரோமோலார் டி.என்.ஏ., நிமிடத்துக்கு 0.5 டிகிரி, 260 நானோமீட்டர். மருந்து இறுக்கமாக இருந்தால் உருகுநிலை 95-ஐத் தாண்டி, வளைவின் மேல்பகுதியே கிடைக்காமல் போகும். சோடியம் குளோரைடை 20 மில்லிமோலாருக்குக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். ஒரே டி.என்.ஏ.வில் பல மருந்துகளை வரிசைப்படுத்த இது அருமையான முறை. வெவ்வேறு டி.என்.ஏ.க்களில் வந்த ஏற்றங்களை நேரடியாக ஒப்பிடுவது தவறு. செருகும் மருந்தும் உருகுநிலையை ஏற்றும் என்பதால் இதுவும் இடத்தைச் சொல்லாது.

உப்பும் வெப்பமும்

சோடியம் அயனியின் செறிவை 50, 100, 200, 400 மில்லிமோலார் என்று மாற்றி இணைப்பு மாறிலியை (பிரிகை மாறிலியின் தலைகீழ்) அளந்து, இரண்டின் மடக்கைகளையும் வரையுங்கள். பஃபரிலிருந்து வரும் சோடியத்தையும் கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். ஒரு நேர்மின்சுமைக்குச் சரிவு சுமார் −0.88, இரண்டுக்கு −1.76. குட்டை டி.என்.ஏ.வில் சற்றுக் குறையும். ஹோக்ஸ்ட் பிஎச் 7-இல் ஏறக்குறைய ஒரே சுமையோடு இருக்கும் என்பது இந்தச் சரிவில் தெரியும். உப்புக்கு அசையாத இறுக்கம் என்றால் அது மின்சுமையால் வந்ததல்ல.

வெப்ப அளவி வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 25 டிகிரியில் ஹோக்ஸ்ட் பிணையும்போது வெப்பம் வெளிவராது, சிறிதளவு உறிஞ்சப்படும். முகடுகள் தலைகீழாக வந்ததும் கருவி கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். பள்ளத்து நீர் வெளியேறுவதும் நீர்வெறுக்கும் வளையங்கள் நீரிலிருந்து ஒதுங்குவதும்தான் இந்தப் பிணைப்பை ஓட்டுகின்றன. நெட்ராப்சின் மாறிமாறி வரும் ஏ-டி டி.என்.ஏ.வில் வெப்பத்தை வெளிவிட்டபடி பிணையும். ஒரே பள்ளம், வேறு கணக்கு.

கணினியில் பொருத்திப் பார்ப்பது பற்றி

1பிஎன்ஏ-வை இறக்கி, நீரை நீக்கி, சேர்மத்தை டாக்கிங் மென்பொருளில் போட்டால் அது சிறுபள்ளத்தில் போய் உட்காரும். எத்திடியத்தைப் போட்டாலும் அங்கேதான் போகும். அந்த அமைப்பில் காரங்களுக்கு நடுவே இடைவெளியே திறந்திருக்கவில்லை. ஏ-ஏ-டி-டி பள்ளம் மட்டும் குறுகி, எதிர்மின் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துவிட்டுக் கேட்பது இது. ஆகவே டாக்கிங் படத்தைச் சான்றாகக் காட்டாதீர்கள். எந்த அணு எதைத் தொடக்கூடும் என்று யோசிக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கும் முன்னால் 1டி30-இலிருந்து டாபியை எடுத்துவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள்; படிகத்தில் இருந்த இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் திரும்பி வராவிட்டால் அமைப்புகளில் கோளாறு. நேர்மின்சுமையைச் சரியாகப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

ஒளிராத மருந்துகளுக்கு

பெரெனில், பெண்டமிடின், நெட்ராப்சின் போன்றவற்றை ஹோக்ஸ்டோடு போட்டியிட வைத்து அளக்கலாம். ஹோக்ஸ்ட் 10 நானோமோலார், கொண்டை ஊசி 10 நானோமோலார், அதன்மேல் மருந்தைப் படிப்படியாக ஏற்றினால் ஒளிர்வு இறங்கும். பாதி இறங்கிய செறிவிலிருந்து மாறிலிக்கு மாற்ற நொதி ஆய்வில் பழகிய செங்-புருசாஃப் சூத்திரத்தைப் போடாதீர்கள். அது போட்டி மூலக்கூறு அளவின்றி மிதமிஞ்சி இருப்பதாகக் கொள்ளும். இங்கே மூன்றும் ஒரே அளவில் இருக்கின்றன. சமன்பாடுகளை முழுதாகத் தீர்க்கும் நிரலில் பொருத்துங்கள். ஒளிர்வு பூஜ்யத்துக்கு வராமல் நடுவில் நின்றால் மருந்தும் சாயமும் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன, அது போட்டியே அல்ல. மருந்தின் உட்கவர்வு 355-இல் இருந்தால் அந்த அளவை முன்னதாகத் திருத்த வேண்டும். பெரெனிலுக்கு இது கட்டாயம், மஞ்சள் நிறமே காட்டிக்கொடுக்கும்.

சிறுபள்ளத்தில் வேலை செய்யும் எல்லா மருந்துக்கும் இந்த முறை பொருந்தாது. கடல் உயிரியிலிருந்து வந்து புற்றுநோய்க்குப் பயன்படும் டிராபெக்டெடின் சிறுபள்ளத்தில் குவானினின் அந்த அமினோ தொகுதியையே பிடித்துச் சகப்பிணைப்பு உண்டாக்குகிறது. டியோகார்மைசின் அடினினின் மூன்றாம் நைட்ரஜனில் பிணைகிறது. சகப்பிணைப்பு நேரம் ஏற ஏறக் கூடிக்கொண்டே போகும், 5 நிமிடத்தில் சமநிலைக்கு வராது. இப்படிப்பட்ட சேர்மத்துக்கு 10 நிமிடத்திலும் 2 மணி நேரத்திலும் 24 மணி நேரத்திலும் அளவெடுங்கள். வளைவு ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் நகர்ந்தால் பிரிகை மாறிலியைக் கைவிட்டு வினைவேகத்தை அளக்கத் தொடங்குங்கள்.